வெள்ளிக்கிழமைக் கொப்ளர்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நானும் அப்படித்தான் கல்முனையில் என் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மாமாவும் மாமியும் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்பக்கமாக இரண்டு அறை கட்டிக்கொண்டு இருந்தார்கள். எங்கள் குசினியில் கேஸ் அடுப்பும் அதன் கீழே கேக் சுடுகிற சின்னப் போறணையும் இருந்தன. மாமியின் குசினியில் விறகடுப்பு.

மாமி என்னோடு கதைப்பதில்லை. கோபதாபம் ஒன்றுமில்லை. மருமகனுக்கு முன்னால் நின்று கதைப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர். நான் குசினிக்குள் நுழைந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்வாசலால் போய்விடுவார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகளிடம் சொல்வார். நான் பக்கத்திலேயே நிற்பேன், எனக்கும் கேட்கும், இருந்தாலும் என் மனைவி அதை ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் நான் பதில் சொல்வேன். கல்யாணமாகி ஒன்றரை வருடம் இப்படியே போனது.

அதற்கு முன் நான் வளைகுடா நாடொன்றில், ஒரு ஹோட்டலில், கேக்கும் இனிப்பும் செய்கிற பகுதியில் வேலை பார்த்தேன். மாவைத் தொட்டால் அது என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தச்சனுக்கு மரம் தெரிவதைப் போலத்தான்.

போன வருடம் கச்சான் காற்று வழமையை விடப் பலமாக வீசியது. காலையில் எழுந்து பார்த்தால் வளவு முழுக்க மாம்பழம். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாம் என்றால் அவர்களுடைய வளவிலும் அதே கதை. கொடுத்த பழத்துக்குப் பதிலாக அவர்கள் தங்கள் பழத்தைக் கொடுத்தனுப்பினார்கள். வீண்விரயம் பாவம் என்று மாமா இரண்டு நாளாகப் புலம்பினார்.

அந்த வாரம் மாமாவுக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. சாகாமத்தில் மாமாவின் வயலுக்குப் பக்கத்து வயல்காரர், ஆலையடிவேம்பைச் சேர்ந்த இந்து, மாமாவைக் காக்கா என்று அண்ணன் முறையில் கூப்பிடுகிற முப்பது வருடப் பழக்கம். சிறுபோக வேளாண்மைக்குத் தண்ணீர் விடுகிற முறையைப் பற்றிக் கதைக்க வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அவர் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார், முட்டையும் சேர்க்கமாட்டார். மரக்கறிச் சோறு சமைத்துவிடலாம். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கத்தான் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் விருந்துக்கு இனிப்பென்றால் வட்டிலப்பம், வட்டிலப்பமென்றால் முட்டை. ஒவ்வொரு முறையும் அவருக்கு வாழைப்பழம் கொடுத்தே அனுப்பியதாக மாமா வெட்கப்பட்டார்.

மாம்பழக் கொப்ளர் செய்கிறேன், அதற்கு முட்டை தேவையில்லை என்று சொன்னேன். அதென்ன சாமான் என்று மாமா கேட்டார். கீழே பழம், மேலே மாவைக் கட்டி கட்டியாக வைத்துப் போறணையில் வேகவைப்பது என்றேன். கதவுக்குப் பின்னால் மாமியின் குரல் கேட்டது. மனைவி வந்து சொன்னாள்:

“பழத்த அவிச்சா தின்னுற எண்டு உம்மா கேக்கிறா.”

ஓம் என்றேன்.

புதன்கிழமை ஒருமுறை செய்து பார்த்தேன். அது சரிவரவில்லை. ஹோட்டலில் எங்களுக்கு வந்த பழம் தகரத்தில் அடைத்தது, இல்லாவிட்டால் குளிர் நாட்டிலிருந்து வந்த கெட்டிப் பழம். நம்முடைய மாம்பழம் சூடுபட்டதும் சாறாக ஓடிவிட்டது. மேலே வைத்த மா அந்தச் சாற்றில் மூழ்கிக் கொழுக்கட்டை போலக் கிடந்தது. மனைவி ஒரு கரண்டி எடுத்து, ருசி நல்லம், ஆனால் இது கஞ்சி என்றாள். நான் சிரித்துவிட்டேன். பிழை எங்கே என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பழுத்ததை விட்டுவிட்டுச் செங்காயாக எடுக்க வேண்டும், முன்கூட்டியே சீனி போட்டு வைத்து, ஊறுகிற தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் குசினி மேசையில் ஒரு சுளகு நிறையச் செங்காய் இருந்தது. ஒன்றில்கூட அடிபட்ட இடம் இல்லை. மாமி விடிய எழுந்து பொறுக்கி வைத்திருக்கிறார். ஆளைக் காணவில்லை.

பழத்தைச் சீவித் துண்டாக்கி, சீனியும் தேசிக்காய்ப் புளியும் ஏலமும் போட்டு வைத்தேன். பேக்கிங் பவுடர் கலந்த கோதுமை மாவில் குளிர்ந்த பட்டரை விரல் நுனியால் உதிர்த்தேன். புட்டு மா போல உதிரியாக வர வேண்டும். பிறகு எருமைத் தயிர் விட்டு, பட்டும் படாமலும் சேர்த்தேன். ரொட்டி மா போல அடித்துக் குழைத்தால் கல்லாகிவிடும். வடித்த பழத்தை வட்டத் தட்டில் பரப்பி, மாவைக் கைப்பிடி கைப்பிடியாக மேலே வைத்து, போறணையில் தள்ளினேன். ஜும்ஆவுக்கு நிறைய நேரம் இருந்தது. மாமா நேரத்தோடு பள்ளிக்குப் போய்விட்டார். மனைவி விருந்துக்குக் கோப்பை எடுத்துவர அடுத்த தெருவில் இருக்கும் தன் அக்காவான ராத்தாவின் வீட்டுக்குப் போனாள்.

மா மெல்ல மேலெழும்பத் தொடங்கிய நேரம், நெருப்புச் சத்தம் நின்றது. சிலிண்டரை ஆட்டிப் பார்த்தேன். வெறும் சிலிண்டர். வெள்ளிக்கிழமை பகலில் கடை எல்லாம் பூட்டு. மேலே மா வெளிறிப்போய்க் கிடந்தது. அப்படியே விட்டால் படிந்துவிடும். நான் தட்டைத் துணியால் பிடித்து வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பின்வாசலில் மாமி நின்றார். முக்காடு சரியாக இருந்தது. போகவில்லை. வளவில் எங்களைத் தவிர வேறு யாருமில்லை. இந்தப் பக்கம் பார்த்தார், தெருப்பக்கம் பார்த்தார், மகள் வருகிற சிலமன் இல்லை.

“மகன்,” என்றார். “தட்ட இஞ்ச கொண்டு வாங்க. ஆறவிட வேணாம்.”

அவர் குசினிக்குள் நான் அதுவரை போனதில்லை. போனபோது வெறும் பிரியாணிச் சட்டி அடுப்பில் ஏறியிருந்தது; நான் சிலிண்டரை ஆட்டிய சத்தம் கேட்டே ஏற்றியிருக்க வேண்டும். அடியில் மணல் பரப்பி, அதன்மேல் ஒரு இரும்பு வளையம். தட்டை அதில் இறக்கச் சொன்னார். மூடியைப் போட்டு, மூடியின் மேல் சிரட்டைத் தணலை அள்ளி வைத்தார். கேஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற அந்த வருடம், பெருநாளுக்குக் கேக் எல்லாம் இப்படித்தான் சுட்டதாகச் சொன்னார். அப்போது நான் வெளிநாட்டில் இருந்தேன்.

மேல்நெருப்பு கூடிப்போச்சு, மா உள்ளே வேகுமுன் கருகிவிடும் என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் இரண்டு தணலைக் கிடுக்கியால் எடுத்துக் கீழே போட்டார். எப்போது திறந்து பார்ப்பது என்று கேட்டார். பட்டர் மணத்தோடு சீனி கருகுகிற மணம் லேசாகச் சேரும்போது திறக்கலாம், அதுவரை தொட வேண்டாம் என்றேன்.

“சரி. நீங்க குளிச்சிட்டுப் பள்ளிக்குப் போங்க. மறுகா நான் பாத்துக்குவன்.”

போனேன். குத்பா நடக்கும்போது கொப்ளரைப் பற்றி நான் ஒருமுறைகூடக் கவலைப்படவில்லை. மா சரியாக இருந்தது, நெருப்பு சரியான ஆளிடம் இருந்தது.

திரும்பி வந்தபோது விருந்தாளி முன் மண்டபத்தில் மாமாவோடு இருந்தார். ஒரு சட்டி தயிர் கொண்டு வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் மனைவி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மேலே பொன்னிறம். ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது. இடைவெளிகளில் பழச்சாறு பாகாகிக் கொப்புளித்துக் காய்ந்திருந்தது. விருந்தாளி கையை நீட்டுமுன் மாமாவைப் பார்த்தார். முட்டை ஒரு துளி இல்லை என்று மாமா, தானே செய்ததைப் போல, உறுதி கொடுத்தார்.

அவர் முதல் வாயைச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு வாய் எடுத்தார். பிறகு தான் கொண்டுவந்த தயிரை எடுத்து அதன்மேல் விட்டார். ஹோட்டலில் ஐஸ்கிறீம் வைத்துக் கொடுப்போம். தயிர் அதைவிடப் பொருத்தம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

“காக்கா, முப்பது வருசமா எனக்கு வாழைப்பழம் தந்து ஏமாத்திப் போட்டீங்க,” என்றார் விருந்தாளி.

மாமா சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டிருக்கும். தண்ணீர் முறையைப் பற்றிய கதையும் அன்று சுலபமாக முடிந்தது. அவர் போகும்போது அவருடைய மனைவி மக்களுக்கென்று ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தோம்.

தட்டில் மிச்சமிருந்ததை மனைவி பின்பக்கம் கொண்டு போனாள். அஸருக்குப் பிறகு நான் கிணற்றடியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது மாமி தன் குசினி வாசலுக்கு வந்தார். மகள் பக்கத்தில்தான் நின்றாள். மாமி அவளைப் பார்க்கவில்லை.

“மகன், இத அன்னாசியில செய்யேலாதா?”

மனைவி என்னைப் பார்த்தாள், உம்மாவைப் பார்த்தாள், கோப்பைகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். செய்யலாம், ஆனால் அன்னாசி இன்னும் தண்ணீர் விடும், முதலில் சட்டியில் வதக்க வேண்டும் என்றேன். கறுவாப் போட்டு வதக்கலாமே என்றார் மாமி.

அடுத்த வாரம் செய்தோம். மாம்பழத்தை விட அன்னாசிதான் நன்றாக வந்தது என்பது என் கருத்து. மாமி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.