பத்தாவது பாட்டுக்கு வாங்கிய அடி

எங்கள் நாலு பேர் ராக் பேண்டில் ஒரு சட்டம் இருந்தது. பாட்டைக் கெடுப்பவன் பக்கத்தில் நிற்பவனிடம் ஓர் அறை வாங்க வேண்டும். வாங்கிய சூட்டோடு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. கத்திப் பாடும் பங்க் ராக் என்றாலும் எங்களுடையது மெட்டுள்ள சரக்கு. பல்லவியில் இரண்டு குரல் சேர்ந்து வர வேண்டும். முதல் குரல் எங்கள் பாடகன் அவன். கிடாரும் இரண்டாம் குரலும் நான். அதனால் அடியெல்லாம் எங்கள் இருவருக்குள்ளேயே சுற்றியது.

பதினைந்து வருஷத்துக்கு முன், கிள்ளானில் ஒரு டயர் கடைக்கு மேலே பயிற்சி. அன்று ஒரே பல்லவியை அவன் மூன்று முறை கெடுத்தான். இரண்டு அறை சட்டப்படி விழுந்தது. மூன்றாவது சட்டப்படி இல்லை. எங்களிடம் சொல்லாமல் கல்யாண விருந்துகளில் சினிமாப் பாட்டுப் பாடப் போகிறான் என்று காலையில்தான் கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கையை நன்றாகப் பின்னால் இழுத்து ஓர் அறை விட்டேன். டிரம்ஸின் சிம்பல் தட்டையும் தள்ளிக்கொண்டு விழுந்தான். காதிலிருந்து ரத்தம் காலருக்கு இறங்கியது. துடைத்துக்கொண்டு மீதியைப் பாடி முடித்துவிட்டுத்தான் போனான். அடுத்த வாரம் வரவில்லை. பேண்ட் அதோடு முடிந்தது.

ஓர் அறைக்குப் பயந்து ஓடிய பயல் என்று அம்பாங் முதல் பங்சார் வரை சொல்லித் திரிந்தேன். சொல்லச் சொல்ல எனக்குச் சுகமாக இருந்தது.

போன வருஷம் அவனே போன் செய்தான். பழைய நாலு பேரும் சேர்ந்து ஓர் ஆல்பம் போடலாம் என்றான். பிரிக்பீல்ட்ஸில் ஸ்டூடியோ எடுத்தோம். ஹெட்போன் இல்லாமல் ஒரே ரூமில் நின்று பாடுவதுதான் அன்றும் இன்றும் எங்கள் பழக்கம். அவன் போட்ட ஒரே நிபந்தனை, நான் எப்போதும் அவனுக்கு வலது பக்கம் நிற்க வேண்டும். பெரிய ஸ்டார் என்று நினைப்பு என மனதுக்குள் திட்டினேன். ஒன்பது பாட்டும் குறையில்லாமல் பதிவாகின.

பத்தாவது, கிள்ளானில் கெட்ட அதே பாட்டு. அன்று மதியம் என் கிடார் வயர் எட்டவில்லை என்று அவனுக்கு இடது பக்கம் போய் நின்றேன். பார்த்துவிட்டு மைக்குக்குத் திரும்பினான். என் குரலைப் பிடித்துத்தான் அவன் பல்லவிக்குள் வர வேண்டும். மூன்று தடவையும் பிந்தி வந்தான். டிரம்ஸ் வாசிப்பவன் சிரித்துக்கொண்டே சட்டத்தை ஞாபகப்படுத்தினான்.

அவன் என் முன்னால் வந்து, வலது காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இடது கன்னத்தைக் காட்டினான்.

"இந்தப் பக்கமே அடிலா. இனிமே இந்தக் காதுல கெட்டுப் போறதுக்கு ஒண்ணுமில்ல. அன்னிக்கு உன் மூணாவது அறையிலேயே போயிருச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் ஊரே பாடகனை விட்டுவிட்டுச் செவிடனைப் பார்க்க வரும் என்றான். இப்போது வலது காதும் மங்குகிறதாம். முழுதாகப் போவதற்குள் இந்த ஆல்பத்தை முடிக்கத்தான் போன் செய்தானாம்.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இடம் மாறி நின்று கெடுத்தவன் நான், அதனால் அடி எனக்குத்தான் என்றேன்.

அவனும் சட்டப்படி அடிக்கவில்லை. முதல் அறையில் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. இரண்டாவதில் முட்டி போட்டேன். சட்டையைப் பிடித்துத் தூக்கி, மூன்றாவதை என் இடது காதிலேயே விட்டான். யாரும் தடுக்கவில்லை. எழுந்து, அவனுக்கு வலது பக்கம் போய், அந்தச் சூட்டோடு பாடினேன். மைக்கில் ரத்தம் தெறித்தது. பாட்டு ஒரே தடவையில் சரியாக வந்தது. ஆல்பத்தில் இருப்பது அதுதான்.

என் காது மட்டும் கொய்ங் என்று கத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் கீழே கடையில் நாலு பேரும் தே தாரிக் டீ குடித்து முடிப்பதற்குள் அது நின்று, காது பழையபடி கேட்டது. என் காது தப்பிவிட்டது என்று அவனிடம் நான் சொல்லவில்லை.