போதும் என்று கத்தினேன்

காலையில் குடியாத்தத்தில் ரயிலேறினால் மதியச் சாப்பாட்டுக்கு இந்தக் கன்னட ஊருக்கு வந்துவிடலாம். இதெல்லாம் ஒரு வெளியூரா என்று எங்கள் ஊரில் இருப்பவர்கள் கேட்பார்கள். ஆனால் எலெக்ட்ரானிக் சிட்டி விடுதியில் சாம்பார் ஊற்றுபவர் முதல் நாள் கேட்டதே எனக்குப் புரியவில்லை. சாக்கு என்றால் நமக்குக் கோணி; கன்னடத்தில் ‘போதும்’. ‘ஹாக்கு’ என்றால் ‘போடு’. ஓர் எழுத்து மாறி என் தட்டில் எத்தனையோ முறை சாம்பார் வழிந்திருக்கிறது. அப்போதெல்லாம் அது சிரிக்கிற விஷயம்.

பிளாஸ்மா டார்ச்சைக் கணினிக்குள் எரியவிட்டுப் பார்ப்பது என் வேலை. வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து, உலோகத்தை உருக்கும் சுடராகும். அது எந்தப் பக்கம் வளையும், எதைத் தொடும் என்று முன்னதாகக் கணிக்க வேண்டும். விலையுயர்ந்த மென்பொருள் வாங்க எங்கள் சின்ன நிறுவனத்துக்கு வசதியில்லை. யாரும் இறக்கித் திருத்திக்கொள்ளக்கூடிய திறந்தமூல மென்பொருளை எடுத்தேன். அதிலிருந்த காற்றோட்டக் கணக்கோடு மின்சாரத்தையும் காந்தவிசையையும் நானே எழுதிச் சேர்த்தேன். சரிபார்க்க வேறு ஆளில்லை. கல்லூரியில் கணக்கு தப்பினால் மதிப்பெண் போகும். இங்கே டார்ச்சை இயக்கும் முனிராஜு அதன் பக்கத்திலேயே நிற்பார்.

மின்னோட்டத்தைக் கூட்டினால், சுடர் வளைந்து டார்ச்சின் செம்பு வாயைத் தொடும் என்றது என் கணிப்பு. தொட்டால் செம்பில் ஓட்டை விழும். உள்ளே ஓடும் குளிர்நீர் ஆவியாகி வெடிக்கும். இலவச மென்பொருள் தந்த பயம் இது என்று சிரித்த மேலாளர், சோதனையை நடத்தச் சொன்னார். அடித்துப் பேச எனக்கும் துணிவில்லை. கணக்குப் போட டார்ச்சைப் பிரித்திருந்த கட்டங்களைச் சற்றுச் சிறிதாக்கினாலே விடை மாறிக்கொண்டிருந்தது.

சோதனையன்று முனிராஜு மின்னோட்டக் குமிழைத் திருப்பத் திருப்ப, சுடரின் சீறல் உடைந்த விசில்போல மாறியது. “சாக்கு! சாக்கு!” என்று கத்தினேன். விசிறி இரைச்சலில் அவருக்கு ‘ஹாக்கு’ என்று கேட்டிருக்கிறது. தலையாட்டிவிட்டு இன்னும் கூட்டினார். தெரிந்த கொஞ்சநஞ்சக் கன்னடமும் எனக்கு மறந்துபோனது.

“வேணாண்ணா! நிறுத்துண்ணா!”

சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டு அவர் பின்னால் தாவினார். ஆவி சீறி அவர் கையுறையை நனைத்தது. பிறகு சத்தமே இல்லை.

“ஒண்ணும் ஆவல மா, பயப்படாத” என்றார். தமிழில்.

மாதக்கணக்காக அவரிடம் உடைந்த கன்னடத்தில் பேசி வந்தவள் நான். “நீங்க தமிழாண்ணா? சொல்லவேயில்லயே?”

“இந்த ஊரு மர்பி டவுன்லயே, தமிழ்க்காரங்க நடுவுல பொறந்து வளந்தவன் மா.” குரலைத் தாழ்த்தினார். “ஏரியாவுல பேசுறது வேற. வேலை செய்ற எடத்துல எதுக்கு? தண்ணி, பாஷைன்னு ஏதாச்சும் கலாட்டான்னா மொதல்ல நம்மளத்தான் பாப்பாங்க.”

கழற்றிப் பார்த்தபோது, நான் கணித்த பக்கத்திலேயே செம்பில் ஓட்டை விழுந்திருந்தது. மேலாளர் கைகொடுத்தார். நான் முனிராஜுவின் நனைந்த கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலைப் பேருந்தில் முனிராஜுவும் நானும் மெதுவாகத் தமிழில் பேசிக்கொண்டு வந்தோம். பக்கத்து இருக்கையிலிருந்த ஓர் அம்மா திரும்பி, “நிம்து யாவூரு?” என்று கேட்டார். எந்த ஊர் என்ற சாதாரண விசாரிப்புதான். முனிராஜுவின் முகம் இறுகியது. “இல்லே” என்றார். கன்னடத்தில் அதற்கு ‘இங்கேதான்’ என்று பொருள். என் காதில் அது நம் ‘இல்லை’யாகவே விழுந்தது.

அந்த அம்மா அடுத்து என்னைப் பார்த்தார். நானும் “இல்லே” என்றேன். எந்த மொழியில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.