காக்ஸ் டவுனில் ஒரு ஞானஸ்நானம்

ஞாயிறு காலை காட்பாடியில் ரயில் ஏறினேன். இடுப்பு வலி வேறு. தங்கை ஸ்டெல்லாவின் மகனுக்கு நான்தான் ஞானத்தாய். அந்தச் சடங்கில் அவனுக்குப் போட நானே தைத்த வெள்ளைச் சட்டை பையில் இருந்தது. ஆனால் ஞானஸ்நானம் நடக்குமா என்பதே தெரியாது. குழந்தையின் அப்பா ராபின், வைட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஏதோ புதுச் சபைக்குப் போகிறான். கைக்குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவது வீண் என்கிறான். அவனுடைய அப்பா பழைய கத்தோலிக்கர், விடுவாரா?

பதினொரு மணிக்கு பெங்களூரு கன்டோன்மென்ட் ஸ்டேஷன். காக்ஸ் டவுன் மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

"மீட்டர் போடுங்களேன்."

"மீட்டருக்கு சண்டே லீவு மேடம். சும்மா உக்காருங்க."

பேரம் பேசத் தெம்பில்லை, ஏறிவிட்டேன்.

வாசலிலேயே சத்தம் கேட்டது. சாப்பாட்டு மேசையில் அப்பாவும் மகனும்.

"ஜென்ம பாவம்டா! ஆதாம்ல இருந்து வர்றது. கழுவாம விட்டுடுவியா?" என்றார் பெரியவர்.

"மூணு மாசப் புள்ள என்னப்பா பாவம் பண்ணிச்சு? இயேசுவே பெரியவரான அப்புறம்தான் ஆத்துல எறங்கி ஞானஸ்நானம் வாங்கினார்."

"அவர் கடவுள், பாவமில்லாதவர். உன் புள்ளையும் அவரும் ஒண்ணா?"

"அவரும் நம்மள மாதிரி மனுஷன்தானே? அவருக்கும் பசிச்சுது, அழுதார்."

"மனுஷனும்தான், கடவுளும்தான்! ரெண்டும் முழுசா!"

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. பெரிய பெரிய பிஷப்புகளெல்லாம் கூடிக் கூடிப் பேசிய வழக்கு, இந்த மேசையில் தீர்ந்துவிடுமாக்கும்! எனக்குக் கோபம்தான் வந்தது. தூக்கமில்லாத கண்களோடு குழந்தையை மடியில் போட்டிருந்த ஸ்டெல்லாவை இருவரும் திரும்பியே பார்க்கவில்லை.

அவள்தான் கேட்டாள். "தண்ணி ஊத்தறது வீணுன்னா, ஆஸ்பத்திரியில நம்ம மூத்தவனுக்கு எதுக்கு ஊத்துனீங்க?"

இரண்டு வருடம் முன்பு, பிறந்த அன்றே போய்விட்ட பிள்ளை. ஃபாதர் வந்து சேரவில்லை. உயிர் பிரியும் நேரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் வழக்கம். அன்று ராபின்தான் பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பெயரும் வைத்தான்.

இப்போது அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாவம் போகணும்னு ஊத்தல ஸ்டெல்லா. வெறுங்கையோட அனுப்ப மனசு வரல."

ராபின் எழுந்து என்னிடம் வந்தான். "அந்தச் சட்டையக் குடுங்கக்கா."

மாலை கோயிலில் அவனும் பக்கத்தில் நின்றான். ஜெபம் எதுவும் சொல்லவில்லை. கொள்கை மாறிவிட்டது என்றும் நான் நினைக்கவில்லை. தண்ணீர் பட்டதும் என் கையிலிருந்த குழந்தை வீல் என்று கத்தியது.

நான் ஆட்டோ ஏறும்போது ஸ்டெல்லா கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படிக் கத்தினான் பாத்தியாக்கா? மூத்தவன் அழவே இல்ல."

ரயிலில் உட்கார இடமில்லை. காட்பாடி வரைக்கும் நின்றுகொண்டே அழுதேன்.