கல்யாணத்துக்கு வெந்த பிர்ரியா

2007 ஏப்ரல் 30, திங்கட்கிழமை. குறும்பனைக் கோயிலில் மகள் சுபிஷாவுக்குத் தாலி கட்டும் நேரத்தில், பெனிட்டோ துபாய் சத்வாவில் தன் அறையில் ஆட்டுக்கறியை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். தாயின் அடக்கத்துக்குப் போய்வந்ததில் லீவு தீர்ந்துவிட்டது.

ஹோட்டலில் மெக்சிகோ சமையல் பிரிவில் ஆறு வருடமாக அவர் வைக்கும் கறி அது. பிர்ரியா என்று பேர். வற்றல் மிளகாயை ஊறவைத்து அரைத்து, இறைச்சியில் புரட்டி, எலும்பை விட்டுக் கறி கழலும்வரை சிறுதீயில் விடவேண்டும். செஃப் ரொஹெலியோவின் ஊரில் கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாவற்றுக்கும் இதுதான் விருந்து. ஒற்றை ஆளுக்காக யாரும் இதை அடுப்பில் ஏற்றுவதில்லை என்று அவர் சொன்னது பெனிட்டோவின் மனதில் தங்கிவிட்டது. மகளின் கல்யாணச் சாப்பாட்டை ஒருவரோடாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

அறையில் மற்ற மூவரும் டூட்டிக்குப் போயிருந்தார்கள். கீழே தையல்கடையில் வேலைபார்க்கும் காயல்பட்டினத்து செய்கு முகம்மது மட்டும், மதியம் கடை அடைத்ததும் வருவதாகச் சொல்லியிருந்தான்.

வந்தான், புதுச் சட்டையும் அத்தருமாக.

"என்னண்ணே, மணம் படியிலேயே ஆளைப் பிடிச்சு இழுக்குது! மாமனாராயிட்டிய, மொகத்துல ஒரு சிரிப்பைக் காணோமே?"

"இரிடே மக்கா. மொவளுக்க கல்யாணச் சாப்பாடு. வயிறு நெறயத் தின்னணும்."

"அதுக்குத்தான் காலையில பசியாறவே இல்ல."

பெனிட்டோ குப்பூஸ் ரொட்டியை எடுத்துவைத்தார். கறியை அள்ளியபோது கை நின்றது. மிளகாய் விழுதை முந்தின நாள் செஃபிடம் கேட்டு, ஹோட்டலிலேயே அரைத்துக் கொண்டுவந்திருந்தார். அங்கே தண்ணீருக்குப் பதில் பீர் ஊற்றி அரைப்பது வழக்கம். நேற்றும் பழகிய கை அதைத்தான் ஊற்றியிருந்தது.

சொல்லாவிட்டால் தெரியப்போவதில்லை. செய்கு தட்டை நீட்டியபடி இருந்தான்.

"செய்கு, இதுல பீரு கெடக்குடே. ஓர்மையில்லாம ஊத்திட்டேன். நீ தின்னாத."

செய்கு தட்டை மெல்லக் கீழே வைத்தான். "நல்லவேள சொன்னிய," என்றான். பிறகு குப்பூஸைப் பிய்த்து, உப்பைத் தொட்டு, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டான். "புள்ள நல்லா இருக்கட்டும்ணே."

கீழேயிருந்து முதலாளி கூப்பிட்டார். அவசரத் துணி ஒன்று. செய்கு கையைக் கழுவிவிட்டு இறங்கிப் போனான்.

கறி நன்றாகவே வந்திருந்தது. பத்துப் பேருக்குக் காணும். இரவு அறைக்காரர்கள் வந்து சூடாக்கித் தின்பார்கள். அப்போது அவர் டூட்டியில் இருப்பார். செய்கு மிச்சம் வைத்த அரைக் குப்பூஸை எடுக்காமல், அதற்கு எதிரே உட்கார்ந்து தன் பங்கைச் சாப்பிட்டார்.