மரத்திடம் சொன்ன அண்ணன்

அண்ணன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. செத்துப்போனவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோதும் அவனைத் திட்ட முடிந்ததில்லை. எறும்புக்கு வழிவிட்டு நடக்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது?

ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் எங்கள் முந்திரித் தோப்பு. கல்யாணமாகி நான் பெரம்பலூர் வந்தபின் அண்ணனும் அண்ணியும்தான் அதைப் பார்த்துக்கொண்டார்கள். காய்ப்பு நின்ற மரத்தை விறகுக்கு வெட்டுவது எல்லாத் தோப்பிலும் உண்டு, அவனும் வெட்டுவான். ஆனால் முதல் நாள் சாயங்காலமே போய் அடிமரத்தில் கை வைத்து, "நாளைக்கு வெட்டப் போறோம். குடியிருக்கறவங்க வேற எடம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வருவான். அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். அப்பா சாங்கியத்துக்குச் சொல்வார், இவன் நிஜமாகவே சொல்வான். கூட்டில் குஞ்சு இருந்தால் வெட்டு தள்ளிப்போகும். மரம் வெட்ட வருகிறவர், "இவருகிட்ட வேலைக்கு வந்தா காக்கா குருவிகிட்ட உத்தரவு வாங்கணும்" என்று கேலி செய்வார். எனக்கு அதில் பெருமைதான். நான் டீச்சர், வகுப்பில் பிள்ளைகளிடமெல்லாம் அவன் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

தோப்பின் மூலையில் பட்டுப்போன மரம் ஒன்று நின்றது. அதன் பொந்தில் வருஷா வருஷம் கிளி குஞ்சு பொரிக்கும் என்பதால் யாரையும் தொட விடமாட்டான். போன பங்குனியில் என்னை அங்கே கூட்டிப்போனான். வழியில் இரண்டு தரம் உட்கார்ந்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"என்னண்ணே, இப்படி எளச்சிட்ட?"

"சக்கரைன்னு சோத்தக் கொறச்சிட்டேன் பாப்பா. ஒங்க அண்ணி கூழா ஊத்துறா."

நம்பினேன். அவன் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பொந்தைக் காட்டி, "குஞ்செல்லாம் பறந்துடுச்சு. இனிமே இத எடுத்துக்கலாம்" என்றான். "இத்தன வருசம் வச்சிருந்துட்டு இப்ப என்ன அவசரம்?" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். பஸ் ஏறும்போது ஒரு பை நிறைய முந்திரிப் பழம் கொடுத்தான்.

சித்திரையில் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவனை வாசலில் கிடத்தியிருந்தார்கள். டிராக்டரில் சிதைக்குக் கட்டை வந்து இறங்கியது. பொந்துள்ள கட்டையைப் பார்த்ததும் எந்த மரமென்று தெரிந்துவிட்டது. மரம் வெட்டுகிறவரைப் பிடித்தேன். "இந்த மரத்த யாரு வெட்டச் சொன்னா?"

"அண்ணந்தாங்க்கா. வவுத்துல கட்டின்னு டாக்டரு கைய விரிச்சப்பவே, தை மாசமே சொல்லிட்டாரு. குஞ்சு பறந்தப்புறம் எனக்கு இந்த மரம் போதும்னாரு. மரத்துகிட்டயும் சொல்லிட்டாருக்கா. எந்த நாளுன்னு தெரியல, எங்கூட வந்துடுன்னு கை வச்சு சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

உள்ளே போய் அண்ணியைக் கேட்டேன்.

"ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரும்மா. நீ தாங்கமாட்டியாம். நீ வர்ற அன்னிக்காவது வூட்ல நோவுப் பேச்சு இருக்கக் கூடாதுன்னாரு."

கொட்டை பொறுக்க வருகிற பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெருவுக்கே தெரிந்திருக்கிறது. நான் ஒருத்திதான் பழப்பையை வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டியபடி பஸ் ஏறியிருக்கிறேன்.

பாசத்தில்தான் மறைத்தான் என்று ஆளாளுக்குச் சமாதானம் சொன்னார்கள். இருக்கட்டும். எனக்கு அது நம்ப வைத்துக் கழுத்தறுத்ததுதான். தையிலிருந்து சித்திரை வரை அவனோடு இருக்க எனக்கு நாள் இருந்தது. லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், சோறு பிசைந்து கொடுத்திருப்பேன். அத்தனையையும் அவனே முடிவு செய்து பிடுங்கிக்கொண்டான். நான் தாங்குவேனா மாட்டேனா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

காரியம் முடிந்து ஊருக்குக் கிளம்பினேன். துக்க வீட்டில் 'போயிட்டு வரேன்' சொல்லக் கூடாது. பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குப் போகிற வழியில் தோப்புக்குள் நுழைந்தேன். அந்த மரத்தில் முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டை மிஞ்சியிருந்தது. அதன் மேல் கை வைத்தேன்.

சொல்லாமல் கிளம்புவது துக்கத்துக்கு வந்தவர்களுக்குத்தானே முறை. செத்துப்போகிறவனுக்கு அந்த முறையை யார் வைத்தது?