முன்வரிசையை நோக்கிய கமரா

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மனுரேவாப் பக்கம் தமிழ் வீடுகளில் கலியாணமோ, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியமோ நடந்தால் கமராவும் கையுமாக வசீகரன் நிற்பான். கிழமை நாட்களில் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான், சனி ஞாயிறுகளில் படம் பிடிப்பான். சனம் அவனைத் தேடித் தேடிக் கூப்பிட்டது படத்தின் அழகுக்காக என்று நினைத்தால் அது பிழை. அழகாக எடுக்க ஆக்லாந்தில் ஆட்களுக்கா பஞ்சம்! எதை எடுக்கக்கூடாது என்று அவனுக்குத் தெரியும், அதுதான் விஷயம். சம்பந்தி வீட்டார் பந்தியில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் அவனுடைய கமரா மணவறைப் பூவைப் பார்த்துக்கொண்டிருக்கும். மகளை அனுப்பும்போது தாய் உடைந்து அழுதால் கமராவை இறக்கி, நிறுத்திவிட்டு, தானும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். "வசி மரியாதை தெரிஞ்ச பிள்ளை" என்று பெண்டுகள் சொல்லுவார்கள். அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

அதே கிடங்கில் பெட்டி அடுக்கியவள் ரூடோ. சிம்பாப்வேயில் பிறந்த கறுப்பினப் பெண். பெட்டி அடுக்கியது வயிற்றுக்கு, உயிரை வைத்திருந்தது தான் எடுத்துக்கொண்டிருந்த ஆவணப்படத்தில். அரசாங்க உதவி கிடையாது, பின்னால் ஒரு கம்பனியும் கிடையாது. வாடகை போக மிஞ்சிய சம்பளமெல்லாம் படத்துக்குத்தான். தெற்கு ஆக்லாந்தில் ஹிப்-ஹாப் பாடும் ஆபிரிக்க, சமோவா, தொங்காப் பிள்ளைகளின் பின்னால் கராஜ் கராஜாக வருஷக்கணக்கில் திரிந்துகொண்டிருந்தாள்.

"மற்றவர்கள் எங்களை எடுத்தால் படம் பொலிஸ் காரில் தொடங்கும். நான் எடுத்தால் எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்படியில் தொடங்கும்" என்று ஒருநாள் தேநீர் நேரத்தில் சொன்னாள்.

வசீகரன் சும்மா இருந்திருக்கலாம். "எனக்கும் கமரா பிடிக்கத் தெரியும்" என்று வாயைக் கொடுத்தான். அன்றிலிருந்து அவளுடைய இரண்டாவது கமராக்காரன் அவன்தான்.

வீட்டில் மனைவி கம்சாயினி விழுந்து விழுந்து சிரித்தாள். "சாமத்திய வீடு எடுக்கிற மனுசன் ராப் எடுக்கப் போறாராம்! அங்க மணவறைக்கு எங்கையப்பா போவியள்?"

அந்தப் படத்தின் நடுவில் இருந்தவன் யோனாஸ். எரித்திரியாக்காரன். சூடானில் அகதி முகாமில் பிறந்து, சிறுவனாக இங்கே வந்து, பகலில் கூரியர் வான் ஓட்டுபவன். ஏவன்டேலில் தாயும் அவனும் மட்டும். தாய் அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்தாள். மகனுடைய பாட்டை அவள் பாட்டென்று சொன்னதேயில்லை. சத்தம் என்பாள். அப்படிப்பட்டவள் மனுரேவா மண்டபத்தில் நடந்த நிகழ்ச்சிக்கு முதல் தடவையாக வரச் சம்மதித்தாள். யோனாஸ் கடைசிப் பாட்டைத் தங்கள் மொழியிலேயே எழுதி வைத்திருந்தான். முகாமில் புதைத்துவிட்டு வந்த தங்கச்சியைப் பற்றிய பாட்டு. அவளுடைய பெயரை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்படியொரு பாட்டு வரப்போகிறதென்று தாய்க்குத் தெரியாது, ரூடோவுக்குத் தெரியும்.

ரூடோ வசீகரனை மேடையோரத்தில், முன்வரிசையைப் பார்க்க நிறுத்தினாள். "என் கமரா யோனாஸில். உன்னுடையது அவன் அம்மாவில். என்ன நடந்தாலும் இறக்காதே. படமே அந்த முகம்தான்."

"பிரச்சினையே இல்லை" என்றான் வசீகரன். பெரிய ஆள்!

பாட்டு தொடங்கியது. கரை போட்ட வெள்ளைப் போர்வையை இழுத்து மூடி, முன்வரிசை மூலையில் அந்தத் தாய் தனியாக இருந்தாள். தங்கச்சியின் பெயர் வந்த இடத்தில் அவளுடைய வாய் கோணியது. தோள் குலுங்கத் தொடங்கியது. சனம் முழுக்க மேடையைப் பார்த்து ஆரவாரித்தது. மேடையில் நின்றவனுக்கு வெளிச்சத்தில் கீழே ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தாயைப் பார்த்து நின்றவன் வசீகரன் ஒருத்தன்தான். யாரோ கட்டளை போட்டதுபோலக் கை தானாக இறங்கியது. விரல் பதிவை நிறுத்திவிட்டது. தலை குனிந்துவிட்டது. பாட்டு முடிந்து கைதட்டல் எழும்பியபோதுதான் நிமிர்ந்தான். அந்தத் தாய் இருந்த கதிரை வெறுமையாக இருந்தது.

மறுநாள் படத்தைப் போட்டுப் பார்த்த ரூடோ கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவ அழுதா" என்றான் வசீகரன். "ஒருவர் அழுவதை எங்கள் ஆட்கள் எடுப்பதில்லை. அது மரியாதை இல்லை."

"அவளை யாரும் பார்த்ததேயில்லை, வசி. இரவில் போய்க் கூட்டுகிறாள், விடியமுன் வருகிறாள். பார்க்கத்தான் உன்னை நிறுத்தினேன். நீயும் பார்க்காமல் விட்டாய்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவனுக்கு. ரூடோ அந்த முகமில்லாமலே படத்தை முடித்தாள். இரண்டாவது கமராவுக்கு அவனை அதன் பிறகு கூப்பிடவில்லை. கிடங்கில் கண்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான்.

சில மாதம் போக, அந்தத் தாய் நித்திரையிலேயே போய்ச் சேர்ந்தாள். செத்தவீடு முடிந்து ஒரு ஞாயிறு பின்னேரம் யோனாஸ் வசீகரன் வீட்டு வாசலில் வந்து நின்றான். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து இருந்தான். கம்சாயினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை.

"அங்கிள், அம்மாவின் முகம் படத்தில் இல்லையென்று ரூடோ சொன்னாள். பரவாயில்லை. அன்றைக்குப் பிறகு அம்மா அந்தப் பாட்டைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, பயம். தங்கச்சியைச் சபையில் இழுத்ததால் அம்மாவின் மனம் நொந்ததா, இல்லை, ஒருத்தனாவது அவள் பெயரைச் சொன்னானே என்று ஆறியதா? நீங்கள்தானே அம்மாவைப் பார்த்து நின்றீர்கள். முகம் எப்படி இருந்தது? அதை மட்டும் சொல்லுங்கள்."

"சந்தோஷமாக இருந்தா, உன்னை நினைத்துப் பெருமைப்பட்டா." என்ற பொய் வசீகரனின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அவன் வாயைத் திறந்தான்.

"நான் பார்க்கவில்லை, தம்பி. அவ அழத் தொடங்கினதும் நான் குனிந்துவிட்டேன்."

யோனாஸ் "தாங்க்ஸ், அங்கிள்" என்று எழும்பினான். குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்ட அவனுக்கு வெகுநேரம் எடுத்தது. கார் போன சத்தம் கேட்டது.

ஆறிப்போன தேத்தண்ணியை எடுக்க வந்த கம்சாயினியின் கண் கலங்கியிருந்தது. "என்னப்பா நீங்கள்! தாயில்லாப் பிள்ளை. ஒரு பொய் சொன்னால் குறைஞ்சா போயிடுவியள்? சந்தோஷமா இருந்தவ எண்டு சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வாயைத் திறந்தனான்" என்றான் வசீகரன். "ஏலாமல் போச்சுது. அவன் என்ர முகத்தையே பாத்துக்கொண்டிருந்தவன்."