உஷ்ணமானிக்கு வைத்த பொட்டு

வாசகசாலைப் பலகையைப் படிக்கும் நண்பர்களுக்கு,

வெள்ளைக்காரத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன என் மோட்டார் காரின் உஷ்ணமானி இன்று காலை சரியாகிவிட்டது. எஞ்சினில் அதன் குமிழைத் திருகும் துளையில் திருகு மரை தேய்ந்துபோய், வெந்நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் நல்லது என்று மரையைக் கெடுத்த மேதை நான்தான்.

அம்பத்தூர் மெக்கானிக் கோவிந்தன் தண்ணீரை வடித்து, துளையைப் பெரிதாக்கி, 'புஷ்' என்கிற பித்தளை வளையத்தை இறக்கி, புது மரை வெட்டினார்.

"முள்ளைப் பாத்துகினே ஓட்டு நைனா. சிவப்புக்குப் போனா நிறுத்திடு. எஞ்சின் பூட்ச்சுன்னா, சண்டை முடியிற வரைக்கும் சீமையிலேர்ந்து கப்பல்ல வேற எஞ்சின் வராது" என்றார்.

பிறகு ஆயுத பூஜை. மாலை போட்டார், சூடம் காட்டினார். சந்தனத்தைக் குழைத்து, ஓட்டுகிறவர் முன்னால் இருக்கும் உஷ்ணமானிக் கண்ணாடி முழுவதும் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார்.

"முள்ளு தெரியலையே" என்றேன்.

"சாமிக்கு வெச்சதை நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாது" என்றார்.

நானும் பக்தியோடு கிளம்பினேன். ஆவடி தாண்டுமுன் எஞ்சின் புகைந்து நின்றது. வடித்த தண்ணீரைத் திரும்ப ஊற்ற, பூஜை அவசரத்தில் இருவருமே மறந்திருந்தோம். வழியெல்லாம் எனக்குத் தெரிந்த சிவப்பு, குங்குமம் மட்டும்தான்.

வண்டியைத் தள்ள நாலு பேர் வேண்டும்; வருகிறவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். சந்தனத்தில் கை படாமல் தள்ளத் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது.